எழுதாமல் விட்ட முதல் அளவு

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆறு பத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. அலாரத்தை நிறுத்தி இரண்டரை வாரமாகிறது. உடம்புக்குத் தகவல் போகவில்லை போல. பல் தேய்த்து, சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எங்கே போகப் போகிறோம் என்று தோன்றியது. பாதியில் நிறுத்தினேன். ஒரு கை மடிப்போடும் ஒரு கை கசங்கலோடும் அப்படியே மாட்டிக்கொண்டேன்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"எங்கயும் இல்ல."

"அப்ப அந்தக் கையையும் தேச்சுடு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

இது கம்பெனி நோட்டு. திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றின் பட்டியலில் இது இல்லை, வைத்துக்கொண்டேன். பக்கத்துக்கு ஐந்து கட்டம்: நாள், கருவி, காட்டிய அளவு, பிழை, குறிப்பு. கட்டங்களை மதிக்காமல் குறுக்கே எழுதுகிறேன். எழுதச் சொன்னது போனில் பேசிய மனநல கவுன்சிலர். தூக்கி வெளியே போட்ட ஆட்களுக்குக் கம்பெனி மூன்று அழைப்பு இலவசமாகக் கொடுத்தது.

"மனசுல இருக்கறத தினமும் எழுதிப் பாருங்க."

"எழுதினா வேலை வருமா மேடம்?"

"தூக்கம் வரும்" என்றார்.

இதுவரை அதுவும் வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

சரி, மனசில் இருப்பது.

ஐந்து வருடம் அளவுக் கருவிகளைச் சோதித்தேன். கிளினிக் தராசு, ரத்த அழுத்த மெஷின், ஆய்வக வெப்பமானி. பெட்டி நிறைய எடைக்கற்கள். வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் பிசுக்கு ஒட்டினால் கல்லின் எடை மாறிவிடும். அதற்கென்று வெள்ளைப் பருத்திக் கையுறை. கல்லை வை, காட்டுவதை எழுது. எடு, மறுபடி வை, எழுது. இன்னொரு முறை. மூன்று அளவும் ஒத்துப்போனால் தேதியும் இனிஷியலும் போட்டு ஸ்டிக்கர். புதிதாக வருபவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன்: "மூணு தடவை வை, மூணையும் எழுது. உனக்குப் புடிச்சத மட்டும் எழுதினா அது சோதனை இல்ல, ஜோசியம்."

ஜனவரி 17, வெள்ளி. கிளினிக் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது, பதினோரு பேரில் ஐந்து பேர் வேண்டாம். மேனேஜர் இதைச் சொன்னதும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். கற்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று அவர் எண்ண ஆரம்பித்தார். வெறும் விரலால். ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, குழிக்குள் போட்டார்.

"தொடாதீங்க சார்!" கத்திவிட்டேன். மொத்த ஆபீஸும் திரும்பியது.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "இனிமே உனக்கென்னப்பா?" என்றார்.

அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இனிமேல் எனக்கென்ன?

பிப்ரவரி 8, சனி

சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் முன்னால் ஓடியது. சரிசெய்தேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி நாலு நிமிடம் முன்னால். அம்மாவின் வேலை. "அந்த நாலு நிமிஷம் எனக்கு வேணும், நீ அதுல கை வைக்காத."

பிப்ரவரி 10, திங்கள்

நூலேணி கூப்பிட்டான். ஆறடி இரண்டங்குலம், இடுப்பே கிடையாது, அதனால் அந்தப் பெயர். எனக்குப் பின்னால் சேர்ந்தவன். அவனை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வெப்பமானி மக்கர் பண்ணுகிறதாம். ரெண்டே வார்த்தையில் சொன்னேன். உடனே சரியாகிவிட்டது.

"மச்சி, நீ இல்லாம இங்க ஒண்ணும் ஓடலடா. கிளினிக் பக்கம் ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. தராசெல்லாம் என்னத்தக் காட்டுதோ."

போனை வைத்தபின் ரொம்ப நேரம் நன்றாக இருந்தது. சாப்பாடு கூட இறங்கியது. நான் போனதும் எல்லாம் கெட்டுப்போக வேண்டும், ஊரிலுள்ள அத்தனை தராசும் பொய் சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை. அசிங்கமான ஆசைதான். எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்காவோடு கிளினிக் போனேன். அத்தான் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் பிரசவத்திலிருந்து அக்கா எங்கள் வீட்டில்தான். பொடிசுக்கு இன்று இருபத்தொன்பது நாள். பிறந்தபோது 3.100 கிலோ. இன்று 3.040.

நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை. "ஏறணும். இறங்கியிருக்கு. பால் பத்தல போல. பவுடர் பாலும் சேத்துக் குடுங்க. வெள்ளிக்கிழமை திரும்ப எடை பாப்போம்."

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மாதமாக அவள் உட்கார்ந்தே தூங்குகிறாள். "என்கிட்ட பாலே இல்லையா?" என்று நர்ஸிடம் கேட்கவில்லை, பொடிசிடம் கேட்டாள்.

நான் வேறு பக்கம் பார்த்தேன். அப்போதுதான் தராசின் பக்கவாட்டில் அதைக் கண்டேன். என் ஸ்டிக்கர். என் கையெழுத்து. அடுத்த சோதனை: ஜனவரி 31. தேதி தாண்டிப் பதினொரு நாள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வேறு யாருக்கும் தெரியாதது. போன ஜூலை, மாதக் கடைசி, மாலை ஐந்தரை, கிளினிக்கைப் பூட்டும் நேரம். பெட்டியைத் திறக்காமலேயே இந்த ஸ்டிக்கரை ஒட்டினேன். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவை. அந்த ஒன்று இந்தத் தராசு.

பிப்ரவரி 12, புதன்

காலையில் அக்கா பால் பவுடர் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, அந்தத் தராசே சரியில்ல."

"என்னடா சொல்ற?"

"அத சோதிச்சே மாசக் கணக்காகுது. அது காட்டற அளவுக்கு அர்த்தமே கிடையாது."

"நெசமாவா? உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"அது என் வேலைக்கா" என்றேன். வேலையாக இருந்தது என்று சொல்லவில்லை.

வீட்டில் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் ஒன்று கிடக்கிறது. முள் ஓடும் பழையது, அரைக் கிலோவுக்கு ஒரு கோடு. ஹாலில் விரிப்பின் மேல் வைத்தேன். நான் மட்டும் ஏறினால் 64. பொடிசைத் தூக்கிக்கொண்டு ஏறினால் 67½. இன்னொரு முறையும் 67½. ஆக, மூன்றரைக் கிலோ.

"மூணரையா!" அக்கா பொடிசைப் பிடுங்கி முகத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு அழுகை அழுதாள். இது வேறு அழுகை. டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள்.

ஒரு மாதத்தில் முதல்முறையாக இன்று ஒரு உபயோகமான காரியம் செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கிளினிக் போகவில்லை. அக்கா பகலில் தூங்கினாள். படுத்துத் தூங்கினாள்.

பிப்ரவரி 17, திங்கள்

நர்ஸ் போன் செய்தாள். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன்.

"வெள்ளிக்கிழமை ஏன் வரல? பவுடர் குடுக்கறீங்களா?"

"முதல்ல உங்க தராசுக்கு ஆளக் கூப்பிட்டுச் சோதிங்க. அப்புறம் வர்றோம்."

"நீங்க யாரு?"

"அதுல இருக்கற இனிஷியல் என்னோடது."

அந்தப் பக்கம் ஏதோ சொல்ல வந்தாள். வைத்துவிட்டேன். எவ்வளவு நாளாயிற்று, இப்படி ஒருத்தரிடம் அடித்துப் பேசி!

பிப்ரவரி 19, புதன்

"ரொம்பத் தூங்குதுடா. அழக்கூட மாட்டேங்குது" என்றாள் அம்மா.

"அழுதா ஏன் அழுதுங்கற, அழலைன்னா ஏன் அழலைங்கற. வயிறு நிறைஞ்சா தூங்கத்தானே செய்யும்?"

"துணி நனையறதும் கொறைஞ்சிருக்கு."

மெஷினை எடுத்து மறுபடி எடை போடலாமா என்று நினைத்தேன். போடவில்லை. ஏன் போடவில்லை?

பிப்ரவரி 21, வெள்ளி

ஆஸ்பத்திரி. காலை ஒன்பது மணிக்கு அக்கா பாலுக்கு எழுப்பினாள். பொடிசு கண்ணைத் திறக்கவில்லை. கை துவண்டு விழுந்தது. அக்கா வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள். பின்னால் நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன் - செருப்பை! அந்த நேரத்தில் என் மூளைக்கு அதுதான் தோன்றியது.

2.790.

இந்தத் தராசில் ஸ்டிக்கர் புதுசு. தேதி சரி. வேறு யாரோ ஒருவரின் இனிஷியல்.

"உடம்புல நீர் வத்திப்போச்சு, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா எங்க கையில இல்ல" என்றார் டாக்டர். "யாராவது முன்னாடியே பவுடர் பால் குடுக்கச் சொல்லலையா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, "சொன்னாங்க" என்றாள்.

பிப்ரவரி 22, சனி

புறங்கையில் ஊசி. அந்தக் கை என் கட்டை விரலளவு. அதில் ஊசியைத் தாங்க ஒரு சிறிய அட்டை கட்டியிருக்கிறார்கள்.

அத்தான் லாரியை நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். பொடிசைப் பார்த்தார். அப்புறம் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"வேலை போனா மனுஷனுக்கு எதையாவது போட்டு உடைக்கணும்னு தோணும். எனக்கும் தோணியிருக்கு. உடைக்கறதுக்கு என் பொண்ணுதான் கெடச்சாளாடா?"

அவர் திரும்பி மேலே ஏறினார். நடுப்படியில் ஒரு நிமிடம் சுவரில் கையை ஊன்றி நின்றார்.

பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதை இங்கே எழுதியே ஆகவேண்டும்.

நான் பொடிசோடு மெஷினில் ஏறியது இரண்டு முறை அல்ல. மூன்று முறை. முதல் முறை முள் 67-இல் நின்றது. அதாவது மூன்று கிலோ. அதாவது கிளினிக் தராசு சொன்னதேதான். சரியாக நிற்கவில்லை, கொஞ்சம் ஆடிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கி மறுபடி ஏறினேன். வேண்டியது வந்ததும் நிறுத்தினேன். முதல் அளவை எழுதவில்லை. அரைக் கிலோக் கோடு போட்ட மெஷின், அதுவும் மெத்தென்ற விரிப்பின் மேல், அதில் மூன்று கிலோக் குழந்தையை - புதிதாகச் சேர்ந்த பையன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் நோட்டை அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கிளினிக் போனேன். தராசு எவ்வளவு தப்பு என்று தெரிந்தாக வேண்டும். அது கொஞ்சமாவது தப்பாக இருந்தால்... இருந்தால் என்ன? எனக்கு ஒரு துணை கிடைக்கும், அவ்வளவுதான்.

நர்ஸுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தாள். "ஓ, நீங்கதான் அந்த இனிஷியலா? பாப்பா எப்படி இருக்கு?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தாள். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. அது இன்னும் மோசம்.

"தராசச் சோதிக்கணும். உண்மையைச் சொல்லிடறேன், ஜூலைல நான் சோதிக்காமலே ஒட்டினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் இங்கதான நின்னேன். நாலு நிமிஷத்துல வந்தீங்க, ஒட்டினீங்க, போனீங்க." அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்தாள். பழைய பால் பவுடர் டப்பா, உள்ளே மணல், மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி. தலையில் ஒரு கம்பளிக் குல்லாய். "இவன்தான் எங்க மூத்த பிள்ளை. தெனம் காலைல கதவத் தொறந்ததும் மொதல்ல இவனத்தான் ஏத்துவோம். மூணு கிலோ இருநூத்தி நாப்பது. இவன் பத்து கிராமுக்கு மேல ஏறினாலும் இறங்கினாலும் அன்னிக்கு எந்தப் பிள்ளையையும் ஏத்த மாட்டோம். தராசு வாங்கின அன்னிக்கே கல்லு வச்சுச் சரிபாத்து, இவனையும் எடை போட்டு வச்சது. உங்க ஸ்டிக்கர நம்பியா நாங்க பிள்ளைங்கள வைக்கிறோம்?"

பழக்கத்தில் என் கை பாக்கெட்டுக்குப் போய் வெள்ளைக் கையுறையை எடுத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் மேல படாத கையே கிடையாது. சும்மா தூக்குங்க."

வெறும் கையால் தூக்கி வைத்தேன். 3.240.

ஒரு கோடு போட்ட நோட்டைத் தள்ளினாள். மூன்று வருடம். ஒவ்வொரு நாளும் ஒரு வரி. 3.240, 3.240, 3.240. எங்கோ இரண்டு இடத்தில் 3.245. ஜூலையில் நான் ஒட்டிய அன்றும் 3.240. ஜனவரி 17 அன்றும் 3.240. பிப்ரவரி 11, பொடிசை வைத்த அன்றும்.

ஒரு நாள்கூட அந்தத் தராசு தப்பாக இல்லை. நான் வந்தபோதும் இல்லை, வராதபோதும் இல்லை. நல்ல விஷயம்தானே? அப்புறம் ஏன் வாசல் வரை நடக்கமுடியவில்லை?

பிப்ரவரி 26, புதன்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஸ்டிக்கர், முதல் அளவு, நர்ஸின் போன், எல்லாம். வார்டில், அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தபோது.

வெகு நேரம் பொடிசின் குல்லாயைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"நீ சொன்னத ஏன் உடனே நம்பினேன் தெரியுமா? எனக்கும் அதுதான் வேணும்னு இருந்துச்சு. என் பால் பத்தலைங்கறதத் தவிர வேற எத சொன்னாலும் நம்பியிருப்பேன்."

"அக்கா..."

"பேசாத. என் கண்ணு தூக்கமில்லாமக் கெட்டுக் கெடந்துச்சு. உன் கண்ணுக்கு என்னடா வந்துச்சு?"

அம்மா வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பிளாஸ்க்கை என் கையில் திணித்தாள். "சும்மா நிக்காத. மூடி சரியா இல்ல, இறுக்கிட்டு வா." மூடி சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 1, சனி

2.960. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்கா என்னோடு பேசுகிறாள். "தண்ணி எடு." "கதவச் சாத்து." அவ்வளவுதான். பால் கலக்கும்போது கரண்டி எண்ணிக்கையை அம்மாவிடம்தான் சரிபார்க்கிறாள். கடிகாரத்தில் நாலு நிமிடம் கூட்டி வைக்கும் அம்மாவிடம்!

நூலேணி கூப்பிட்டான். நேராகவே கேட்டேன். "நான் இல்லாம ஒண்ணும் ஓடலைன்னியே, நெசமா?"

இழுத்தான். "மச்சி... உன்னத் தேத்தத்தான் சொன்னேன். நீ போன மறுவாரமே உன் ரூட்ட மூணா பிரிச்சுட்டாங்க. கிளினிக்குங்க வேற கம்பெனிக்குப் போயிடுச்சு. தப்பா எடுத்துக்காத."

"இல்லடா. நல்லதுதான்."

வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐந்து வருடம். ஒவ்வொரு கல்லையும் துடைத்துத் துடைத்து வைத்தேனே. ஒரு தடவைகூட வெறும் விரலால் தொட்டதில்லையே. போயிடுச்சு. அவ்ளோதான். போயிடுச்சு.

நாற்பத்து மூன்று நாள் கழித்து, வேலை இன்றுதான் போனது.

மார்ச் 4, செவ்வாய்

எழுந்தபோது எட்டரை. யாரும் எழுப்பவில்லை.

மார்ச் 7, வெள்ளி

3.150. நான் கிளினிக்குக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிடவில்லை. எண்ணைச் சொன்னது அம்மா.

எல்லோரும் வெளியே வந்த பிறகு, பை மறந்துவிட்டது என்று நான் மட்டும் உள்ளே போனேன். என் ஸ்டிக்கரை உரிக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். "தாராளமா" என்றாள். பாதிதான் வந்தது. பசையும் தேதியின் ஒரு மூலையும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை.

மார்ச் 10, திங்கள்

வேலை இல்லை. இரண்டு இடத்தில் விண்ணப்பம். ஒன்றில் 'முந்தைய பணியில் நீங்கள் செய்த தவறு ஒன்றைக் குறிப்பிடுக' என்று ஒரு கேள்வி. எல்லோரும் இங்கே 'அளவுக்கு மீறி உழைப்பது' என்று எழுதுவார்கள். நான் ஜூலையை எழுதினேன். கூப்பிடமாட்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

அம்மாவுக்கு முதுகு வலி. அக்காவோடு நான்தான் போகவேண்டியிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்றேன்.

நர்ஸ் முதலில் மூத்தவனைத் தராசிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தாள். அக்கா பொடிசின் உடுப்பைக் கழற்றினாள். விலா எலும்பு இப்போது தெரியவில்லை. தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது.

"டேய், அங்க நின்னு என்ன பண்ற? என் கை ஈரமா இருக்கு. எடைக் கார்டுல நீ எழுது."

ஒரு கணம் யாரைச் சொல்கிறாள் என்று புரியவில்லை. போய்க் கார்டை எடுத்தேன்.

பொடிசு காலை உதைத்தாள். 3.230. "அசையறா. திரும்ப வைப்போம்" என்றாள் நர்ஸ். 3.270. இன்னொரு முறை. 3.270.

"மூத்தவனத் தாண்டிட்டா!" நர்ஸ் டப்பாவின் குல்லாயைத் தட்டினாள். "பாத்தியாடா, உன் தங்கச்சி!"

அக்கா சிரிக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கார்டை வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு கட்டத்துக்குள் மூன்று எண்கள், நெருக்கி நெருக்கி.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ஒரு கட்டத்துல மூணா எழுதறது? கடைசிய மட்டும் வச்சா போதும். மத்தத அடிச்சுடுங்க."

"வேணாம்" என்றாள் அக்கா. "இருக்கட்டும்."

3.230. 3.270. 3.270.